பட்டமும் ஒரு குற்றமா?

பெண் பார்க்க வருகிறவர்கள் சில சமயம் விநோதமான காரணம் சொல்லி நழுவுவதுண்டு. "பெண் ரொம்பப் படித்துவிட்டாள். எங்கள் பிள்ளைக்கு அவ்வளவு படிப்பு இல்லை. சரிப்படாது" என்பார்கள். வளையலை விற்றுப் படிக்க வைத்த தாயாருக்கு அதைக் கேட்டால் வயிறு எரியாதா? கல்யாணத்தில்தான் இப்படி என்பதில்லை. உத்தியோகத்திலும் உண்டு. அது செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது!

விஷயம் இதுதான். பஞ்சாப் நேஷனல் பாங்க் ஒடிஸாவில் பியூன் வேலைக்கு விளம்பரம் செய்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, கொஞ்சம் இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் 1-1-2016 அன்று பட்டதாரியாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மனுப் போட்ட வாலிபர் ஒருவர் 2014-லேயே பட்டம் வாங்கியவர். அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. தேர்வாகியும் விட்டார். பிறகு பட்டம் வெளியே வந்தது. வேலை கைநழுவிப் போயிற்று. ஒரிஸ்ஸா ஹைகோர்ட்டில் அவர் பக்கம் ஜயித்தது. பாங்க் மேலே போயிற்று. 2020 நவம்பர் 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட் பாங்கின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஒரு வேலைக்கு என்ன படிப்பு வேண்டும் என்று தீர்மானிப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. அந்த நாற்காலியில் கோர்ட் உட்கார முடியாது என்பது நீதிபதிகள் சொன்ன முதல் காரணம். நிபந்தனை தப்பு என்று தோன்றியிருந்தால் அதை எதிர்த்து வழக்காடியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் அதன் கீழேயே மனுப் போட்டு, உண்மையை மறைத்துவிட்டு, பிறகு உரிமை கேட்க முடியாது என்பது இரண்டாவது காரணம்.

"அப்படியானால் படித்தது குற்றமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சர்க்கார் உத்தியோகத்தில் எல்லோருக்கும் சம வாய்ப்பு உண்டு என்கிறது அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு. 2000-ம் வருஷத்தில் நாகபுரி ஜில்லாக் கோர்ட்டின் பியூன் வேலை சம்பந்தமான வழக்கில், அதிகம் படித்தவர் என்பதற்காகவே ஒருவரைப் பரிசீலிக்காமல் ஒதுக்குவது பகுத்தறிவுக்குப் பொருந்தாது என்று இதே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் பாங்க் வழக்கில் அந்தத் தீர்ப்பு வாலிபருக்குக் கைகொடுக்கவில்லை. நிபந்தனை விளம்பரத்திலேயே பளிச்சென்று இருந்தது, அவரோ மறைத்துவிட்டார்.

வேலை கொடுப்பவர் பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம். பி.ஏ. படித்தவர் பியூனாக வந்தால் அவர் மனம் அடுத்த பரீட்சையில் இருக்கும். அது தேறியதும் போய்விடுவார்; இடம் மறுபடி காலி. இது ஒரு புறம் இருக்கட்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பெண்ணை நினைத்துப் பாருங்கள். தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை, தம்பி தங்கைகள் சிறிசுகள் என்று புத்தகத்தை மூடி வைத்தவள் அவள். தமிழ்நாட்டில் குரூப் 4 பரீட்சைக்குப் பத்தாவது தேறினால் போதும். ஆனால் அந்த ஹாலில் அவளுக்குப் பக்கத்தில் பட்டதாரியும் இன்ஜினீயரும் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பத்துக் கதவு என்றால் இவளுக்கு ஒரே கதவு. அதையும் அவர்களே அடைத்துக்கொண்டு நின்றால் இவள் எங்கே போவாள்?

அதற்காக, வேலையில்லாத பட்டதாரியைக் குறை சொல்ல முடியுமா? பசிக்கு பி.ஏ.வும் தெரியாது, பத்தாவதும் தெரியாது. மேலே போதிய வேலை இருந்தால் அவர் ஏன் கீழே வந்து இடித்துக்கொண்டு நிற்கிறார்?

தகுதி வைக்கும் உரிமைக்கும் எல்லை உண்டு. 2018-ல் ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில், பி.எட். படித்தவர்களும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் சொல்லிக் கொடுக்கலாம் என்று உத்தரவு போட்டது. ராஜஸ்தானில் கிளம்பிய அந்த வழக்கில், 2023 ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்று கூறியது. சின்னஞ்சிறு குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது தனி வித்தை. அதற்கென்று உள்ள டிப்ளமா படிப்புதான் அதைக் கற்றுத் தருகிறது. நல்ல ஆரம்பக் கல்வி குழந்தைகளின் உரிமை என்பது தீர்ப்பின் சாரம். பிள்ளைக்கு 'அ' எழுதக் கை பிடித்துக் கொடுத்த எந்தத் தாயாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, படிப்பு பெரிதா சிறிதா என்பதல்ல கேள்வி. வேலைக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி. அந்தப் பொருத்தம் இருக்கும் வரையில் வேலை கொடுப்பவரின் சொல் நிற்கும். அது இல்லாவிட்டால் கோர்ட் குறுக்கே வரும்.

வீட்டில் வேலைக்கு மனுப் போடும் பிள்ளையோ பெண்ணோ இருந்தால் ஒன்று செய்யுங்கள். சம்பளம் எவ்வளவு என்று பார்த்ததோடு நிறுத்தாமல் விளம்பரத்தைக் கடைசி வரி வரை படிக்கச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் என்ன தகுதி இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்று கவனிக்கட்டும். நிபந்தனை அநியாயம் என்று பட்டால் முதலிலேயே கேட்கட்டும். மறைத்து மட்டும் எழுத வேண்டாம். அந்த வாலிபர் கையில் பட்டம் இருந்தது, தேர்வும் ஆகியிருந்தார். எழுதாமல் விட்ட ஒரு வரிதான் அவர் வேலைக்கு உலை வைத்தது.