பெயர்ப்பலகையும் பேரேடும்

ஒரு சொல்லை மாற்றுவோம் என்றனர் சிலர். அவ்வளவுதான்! ஆகாயமே இடிந்து விழுந்ததுபோல் அலறினர் வேறு சிலர். அமெரிக்கக் கணிப்பொறித் துறையிலே 2020-ல் மூண்ட இந்த வழக்கை நாம் அசட்டை செய்வதற்கில்லை, தோழர்களே!

'கிட்' என்றொரு கருவி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் ஆக்கியது. அச்சகத்திலே மெய்ப்புத் திருத்துவோர் பலர். யார், எப்போது, எதைத் திருத்தினார் என்று ஒன்று விடாமல் குறித்து வைக்கும் கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தால்? அதுதான் கிட். திருத்தங்கள் கிளை கிளையாகப் பிரியும். பின்னர் தாய்க்கிளையில் வந்து சேரும். அந்தத் தாய்க்கிளைக்கு இட்ட பெயர் 'மாஸ்டர்'.

2020 மே 25. மினியாபொலிஸ் நகரிலே ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பரின் கழுத்தை முழங்காலால் அழுத்திக் கொன்றான் ஒரு காவலன். வீதியெங்கும் வெஞ்சினம்! அந்நாட்களில்தான் கிளையின் பெயர் பெரும் வழக்காயிற்று. ஜூலையில் வந்த கிட் 2.28 பதிப்பு, வேண்டிய பெயரை வைத்துக்கொள்ள வழி திறந்தது. அக்டோபர் 1 முதல் கிட்ஹப் நிறுவனம் புதிய கிடங்குகளுக்கு 'மெயின்' என்று பெயரிட்டது.

"மாஸ்டர் என்றால் இசைத்தட்டின் மூலப்பதிவு. கிட்டிலே அடிமை எங்கே?" என்றனர் எதிர்ப்பாளர். சரக்கில்லாத வாதமென்று தள்ளமாட்டோம். 'ஸ்லேவ்' என்றொரு கிளை கிட்டில் இல்லை, உண்மை. ஆனால் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தனரா? தரவுத்தளங்களிலே 'மாஸ்டர்-ஸ்லேவ்', அதாவது ஆண்டான்-அடிமை, இணைபிரியாமல் கோலோச்சியதே! 2003-லேயே லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகம் அச்சொற்கள் வேண்டாமென்று கருவி விற்போரைக் கேட்டுக்கொண்டது. ஜாங்கோ 2014-ல் களைந்தது. பைத்தானும் 2018-ல் பல இடங்களில் களைந்தது. எந்த நிரல் செத்தது? சில கட்டளைகளைத் திருத்த நேர்ந்தது. திருத்தத்திற்கென்றே பிறந்த கருவிக்குத் திருத்தம் பாரமா!

பெயர் மாறியது நன்றே. நம் வழக்கு நிறுவனத்தோடு. அதற்கு முந்தைய ஆண்டு, 2019-ல், அமெரிக்கக் குடிவரவு அமலாக்கத் துறையுடனான ஒப்பந்தத்தைக் கைவிடுக என்று கிட்ஹப் ஊழியர்களே கையெழுத்திட்டுக் கேட்டனர். குடியேறி வந்தோரைப் பிடித்து அடைத்து நாடு கடத்தும் துறை அது. ஒப்பந்தமோ சுமார் 2 லட்சம் டாலர். 2018-ல் 750 கோடி டாலருக்கு மைக்ரோசாப்ட் வாங்கிய நிறுவனத்திற்கு அது மூக்குப்பொடிக் காசு!

பெயர்ப்பலகைக்கு வர்ணம் பூச நாலைந்து மாதம் போதுமானதாயிருந்தது. பேரேட்டிலே ஒரு வரியை அடிக்க மட்டும் பேனா எழவில்லை. ஊழியர் கேட்டது ஒப்பந்த நீக்கம். நிர்வாகம் நீட்டியதோ தொண்டு நிறுவனங்களுக்கு 5 லட்சம் டாலர் நன்கொடை!