வக்கீல் ஆக எந்த 'குரூப்' எடுக்கணும்?

10-ம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் போதும். சென்னை நகரில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு. பஸ்சிலும் அதே பேச்சு, டீக்கடையிலும் அதே பேச்சு. "உங்க பொண்ணுக்கு எந்த குரூப்?"

டாக்டர் என்றால் உயிரியல். என்ஜினீயர் என்றால் கணக்கு. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் "நான் வக்கீலுக்குப் படிக்கப் போறேன்" என்று பிள்ளை சொன்னால், அப்பாவும் அம்மாவும் திருதிருவென்று விழிக்கிறார்கள்.

"எதுக்கும் பர்ஸ்ட் குரூப் எடுத்து வை. சட்டம் கிடைக்கலேன்னா என்ஜினீயரிங்காவது போகலாம்" என்று சொல்லி, பிடிக்காத பாடத்தில் தள்ளி விடுகிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்கிற இந்தக் காரியம், சட்டக் கல்லூரி சீட்டுக்கே உலை வைத்து விடுகிறது.

விதி என்ன சொல்கிறது?

இந்திய பார் கவுன்சில் 2008-ம் ஆண்டு வகுத்த விதிகள் இருக்கின்றன. 5 ஆண்டு சட்டப் படிப்பில் சேர பிளஸ் 2 பாஸ் செய்திருக்க வேண்டும். பொதுப் பிரிவினர் என்றால் 45 சதவீத மார்க் வேண்டும். இன்ன குரூப் படித்தவர்தான் சேரலாம் என்று ஒரு வரி கூட கிடையாது.

பட்டம் வாங்கிய பிறகு 3 ஆண்டு சட்டப் படிப்புக்குப் போகலாம். அங்கேயும் அதே கதைதான். பி.காம். படித்தவரும் வரலாம், பி.எஸ்சி. படித்தவரும் வரலாம்.

ஒன்றில்தான் கவனம் வேண்டும். 10-ம் வகுப்பு, பிளஸ் 2, பட்டம் என்று படிப்படியாக ஏறி வந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டி, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர்களை இந்த விதி வாசலிலேயே நிறுத்தி விடும். குறுக்கு வழி சொல்கிற ஏஜெண்டுகளிடம் பணத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

மார்க்தான் பேசும்

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரசு சட்டக் கல்லூரிகளில் 5 ஆண்டு படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் 2 மார்க்கை வைத்துத்தான் சீட். பர்ஸ்ட் குரூப் என்பதற்காக ஒரு மார்க் கூடுதலாகப் போட மாட்டார்கள்.

இயற்பியலில் தட்டுத் தடுமாறி 60 வாங்குகிற பிள்ளை, அதே உழைப்பை வரலாற்றிலோ, கணக்குப்பதிவியலிலோ போட்டால் 90 வாங்கக் கூடும். போட்டியில் இந்த 30 மார்க்குக்கு என்ன விலை என்று, பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்பினால், 'கிளாட்' என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு. 2 மணி நேரம், 120 கேள்வி. ஆங்கிலம், நாட்டு நடப்பு, சட்ட அறிவு, தர்க்கம், கொஞ்சம் சாதாரணக் கணக்கு. அவ்வளவுதான். தினமும் பேப்பர் படிக்கிற பிள்ளைக்குப் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

எந்தப் பாடமும் வீண் இல்லை

அதற்காக கணக்கும் விஞ்ஞானமும் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. பிடித்திருந்தால் தாராளமாக எடுக்கலாம். எழும்பூர் கோர்ட்டிலும் சைதாப்பேட்டை கோர்ட்டிலும் எல்லாப் பாடத்துக்கும் வேலை இருக்கிறது.

செக் திரும்பி வந்த வழக்கா? வணிகவியல் படித்தவருக்கு அது கைவந்த கலை. பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள் அவகாசம் என்று கணக்குப் புத்தகமும் காலண்டரும் கையிலேயே இருக்க வேண்டும்.

கொலை வழக்கா? போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டைப் படித்து டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்ய உயிரியல் உதவும். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. செல்போன் பதிவும் கேமரா காட்சியும் சாட்சியாக வருகிற காலத்தில், கம்ப்யூட்டர் படித்த வக்கீலுக்கு மவுசுதான்.

லாரி மோதி குடும்பத் தலைவர் இறந்து போனால், நஷ்டஈடு கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். இறந்தவருக்கு 26 முதல் 30 வயது என்றால், குடும்பத்துக்கு இழப்பான ஆண்டு வருமானத்தை 17-ஆல் பெருக்க வேண்டும் என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு வழி காட்டியிருக்கிறது. இங்கே கணக்கில் கோட்டை விட்டால், ஒரு விதவையின் வயிற்றில் அடித்த மாதிரி.

அரசியல் அறிவியலும் வரலாறும் படித்தவருக்கு அரசியல் சட்டம் பாதி தெரிந்த பாடம். இந்த குரூப்பைத்தான் பள்ளிகளில் "மார்க் வராத பசங்களுக்கு" என்று முத்திரை குத்தி ஒதுக்குகிறார்கள். இது பெரிய அநியாயம்.

தமிழை விட்டால்...

குரூப்பை விடப் பெரிய விஷயம் மொழி. இதை யாரும் யோசிப்பதே இல்லை.

சில தனியார் பள்ளிகளில் பிளஸ் 1 வந்ததும் தமிழைக் கைவிட்டு பிரெஞ்சு எடுக்கிறார்கள். "மார்க் கொட்டும்" என்கிறார்கள். கொட்டட்டும். பட்டியலில் இடம் கூட முன்னால் கிடைக்கலாம். ஆனால் கறுப்புக் கோட்டு போட்ட பிறகு என்ன ஆகும்?

போலீஸ் ஸ்டேஷனில் எழுதும் எப்.ஐ.ஆர். தமிழில். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் தமிழில். கூண்டில் ஏறும் சாட்சி பேசுவதும் தமிழில். 1976-ல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, கீழ்க்கோர்ட்டுகளில் தமிழுக்கு இடம் கொடுத்தாகிவிட்டது. கட்சிக்காரர் கொண்டு வந்த பத்திரத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிற வக்கீலை எவர் நம்புவார்?

அதே சமயம், ஐகோர்ட்டு வாசலில் ஆங்கிலம் காத்திருக்கிறது. அரசியல் சட்டம் 348-வது பிரிவுப்படி ஐகோர்ட்டிலும் சுப்ரீம் கோர்ட்டிலும் ஆங்கிலம்தான். ஐகோர்ட்டில் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டசபை தீர்மானம் போட்டும் இன்னும் நடக்கவில்லை. தமிழ் மீடியம் பிள்ளைகள் இதைக் கேட்டு மிரள வேண்டாம். தினம் ஒரு ஆங்கிலத் தலையங்கத்தை வாய்விட்டுப் படித்து, அதைத் தமிழில் நான்கு வரி எழுதிப் பார்த்தால், இரண்டு வருஷத்தில் பயம் போய்விடும். டியூஷன் செலவும் கிடையாது.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டியது இதுதான். பிள்ளைக்கு எந்தப் பாடம் ஓடுகிறதோ, அந்த குரூப்பில் சேருங்கள். தமிழை விட வைக்காதீர்கள். ஆங்கிலத்துக்கு தினம் அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் என்ன எடுத்தான் என்ற விசாரணை வேண்டாம். அவன் வந்து உங்கள் பிள்ளைக்காக கோர்ட்டில் வாதாடப் போவதில்லை!