மேற்கே போகலாமா? போகும் முன் கையில் என்ன இருக்கிறது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தச் சேரியில் இளைஞர்களோடு உட்கார்ந்து பேசினாலும் அரைமணி நேரத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: இந்த ஊரில் இருந்து என்னத்தைக் கண்டோம், பேசாமல் குடும்பத்தோடு மேற்கே போய்விடலாமா? மேற்கு என்றால் திருப்பூர், பல்லடம், காங்கேயம், பொள்ளாச்சி. இன்னும் கொஞ்சம் தள்ளினால் கேரளம். ஏற்கெனவே போனவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். மிச்சம் இருப்பவர்கள்தான் கேட்கிறார்கள்.

நம் இயக்கங்களிடம் இதற்கு இரண்டு தயார்ப் பதில்கள் உண்டு. ஒன்று, “ஓடக் கூடாது, நின்று போராடு.” இன்னொன்று, “கிராமத்தை விட்டு வெளியேறு என்று அம்பேத்கரே சொல்லிவிட்டார், கிளம்பு.” மேடையில் இரண்டுக்குமே கைதட்டல் கிடைக்கும். ஆனால் மூன்று மாதம் வேலை இல்லாமல் இருக்கும் குடும்பத்துக்கு முதல் பதில் சோறு போடாது. அடுத்த ஊரில் யார் வீடு தருவார்கள் என்ற கேள்விக்கு இரண்டாவதில் விடை கிடையாது. ஆகவே, தோழர்களே, முழக்கத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு நிதானமாக எடைபோட்டுப் பார்ப்போம்.

கிளம்பச் சொல்வது எது?

2022 டிசம்பர் 26 அன்று வேங்கைவயலில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. அதை விசாரிக்கப் போன மாவட்ட நிர்வாகம் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையையும், கோயிலுக்குள் விடாத வழக்கத்தையும் கண்டது. இரண்டு ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்களையே குற்றவாளிகளாகக் காட்டியது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை, தலித் இயக்கங்களும் ஏற்கவில்லை. இந்த மாவட்டத்தில் வளரும் ஒரு பிள்ளை இதையெல்லாம் பார்த்த பிறகு, இந்த ஊர் எனக்கு வேண்டாம் என்று சொன்னால் அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை.

வயிற்றுப்பாட்டுக் காரணமும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் 16 லட்சத்துச் சொச்சம் பேரில் பட்டியல் சாதியினர் சுமார் 17.6 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் இல்லை. 1892இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டபோது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும் வரை அது தனியாகவே இருந்தது. அதனால் பழைய சமஸ்தானப் பகுதிக்கு அந்த ஆணை பொருந்தவில்லை. பிற மாவட்டத் தோழர்கள் பஞ்சமி நில மீட்பு என்று பேசும்போது இங்கே பல கிராமங்களில் மீட்பதற்கான பத்திரமே கிடையாது. விவசாயம் கண்மாயையும் வானத்தையும் நம்பியது. வாய்க்கால் பாசனம் உள்ள கிழக்குப் பகுதிகூடக் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டு நிலத்தைத் தைலமரம் பிடித்துக்கொண்டது. தைலமரத் தோப்பில் களையெடுப்பு, நடவு, அறுப்பு எதுவுமில்லை. கூலி வேலை செய்யும் பெண்களுக்கு அதன் பொருள் என்ன என்று அவர்களிடமே கேளுங்கள்.

அண்ணல் சொன்னது என்ன?

அம்பேத்கர் வெளியேறச் சொன்னார் என்பது பாதி உண்மை. மீதியையும் படிக்க வேண்டும்.

1935இல் குஜராத்தில், அகமதாபாத் மாவட்டத்தின் கவிதா என்ற கிராமத்தில், தீண்டப்படாதோர் தங்கள் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்ப முனைந்தார்கள். சாதி இந்துக்கள் ஊர் விலக்கம் செய்தார்கள். அவர்கள் தண்ணீர் எடுக்கும் கிணற்றில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அந்தக் கிராமத்தை விட்டு வெளியேறுமாறு காந்தி அவர்களுக்கு அறிவுரை சொன்னார். அம்பேத்கர் அதைக் கடுமையாக விமர்சித்தார். பாதிக்கப்பட்டவனைக் கிளம்பச் சொல்கிறீர்களே, குற்றம் செய்தவர்கள் மீது வழக்குப் போட ஏன் சொல்லவில்லை என்பதே அவர் கேள்வி. எண்பத்தேழு ஆண்டு கழித்து வேங்கைவயல் தொட்டிக்கும் அந்தக் கேள்வி அப்படியே பொருந்துகிறது.

அதே அம்பேத்கர்தான் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தியக் கிராமத்தைப் பற்றிய கனவுகளை உடைத்தார். 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய தாழ்த்தப்பட்டோர் மாநாடு தனிக் குடியிருப்புகள் கோரித் தீர்மானம் போட்டது. 1947இல் அவர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் அதற்கென ஒரு குடியேற்ற ஆணையமே கேட்டார். அவர் கேட்டது என்ன? கூட்டமாகப் போக வேண்டும். அரசு நிலம் தர வேண்டும். போன இடத்தில் யாருக்கும் கைகட்டி நிற்கக் கூடாது. ஒரு துணிப்பையும் மேஸ்திரியின் போன் நம்பருமாய்த் தனியாளாகப் பஸ் ஏறுவதை அவர் விடுதலை என்று எங்கும் சொல்லவில்லை.

மேற்கில் கிடைப்பது

கிடைப்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை கையில் பணம் வருகிறது. ஊரில் அறுவடைக்கு அறுவடை எதிர்பார்த்து, ஆண்டை வீட்டுக் கடனில் கழித்துக்கொண்ட தலைமுறைக்கு இது பெரிய மாற்றம். கைமடியாகச் சேரும் பெண் இரண்டு மூன்று வருடத்தில் ஓவர்லாக் டைலர் ஆகிறாள். அவளுடைய கையில் ஒரு தொழில் இருக்கிறது, எந்தக் கம்பெனிக்கும் அதை எடுத்துக்கொண்டு போகலாம். பதிவான கம்பெனியாக இருந்தால் ஈஎஸ்ஐ, பிஎஃப் உண்டு. திருப்பூரின் லைன் வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் மதுரைக்காரராக இருப்பார், ஒடிசாக்காரராக இருப்பார். தண்ணீர்க் குழாயில் முந்திப் பிடித்தால் சண்டை வரும், ஆனால் அந்தச் சண்டையில் யாரும் சாதியைக் கேட்பதில்லை. திரும்பி வந்த பெண்கள் பலர் எங்களிடம் சொன்னது கூலியைப் பற்றி அல்ல. பஸ்ஸில் காலியான சீட்டில் யோசிக்காமல் உட்கார்ந்ததைப் பற்றித்தான்.

கேரளத்தில் கூலியே வேறு. ரிசர்வ் வங்கியின் 2022-23 புள்ளிவிவரப்படி அங்கே கிராமப்புற விவசாயக் கூலி நாளொன்றுக்குச் சுமார் 764 ரூபாய். நாடு தழுவிய சராசரி சுமார் 345.

மேற்கில் காத்திருப்பது

ஆனால் திருப்பூர் நகரம் வேறு, அதைச் சுற்றியுள்ள கொங்குக் கிராமம் வேறு. இதை நம் பிள்ளைகள் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் பத்து கிலோமீட்டர் தள்ளி வீடு தேடினால் முதல் கேள்வி “எந்த ஊருங்க?”, இரண்டாவது கேள்வி “என்ன ஆளுங்க?” என்று மரியாதையோடு வரும். பதிலைப் பொறுத்து வீடு இருக்கும், அல்லது நேற்றுத்தான் வேறு ஆளுக்குப் பேசியிருக்கும்.

2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று தடுத்தார்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலையில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே சங்கரை வெட்டினார்கள். 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் இடிந்து விழுந்து 17 தலித்துகள் செத்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்கள் சொன்னார்கள். நாம் தப்பிப் போவதாக நினைக்கும் இடத்தில், அங்கேயே பிறந்த நம் மக்கள் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பெனி வேலைக்கும், தோப்பிலோ செங்கல் சூளையிலோ குடும்பத்தோடு தங்கிப் பார்க்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் பெரியது. தங்க இடம், கையில் அட்வான்ஸ் என்று ஆரம்பிக்கும். கணக்கு அவர்களிடம் இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றால் மனைவியையோ பிள்ளையையோ விட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். இதற்குச் சட்டத்தில் பெயர் கொத்தடிமை. 1976லேயே ஒழிக்கப்பட்டது, வாங்கிய அட்வான்ஸும் செல்லாது. ஆனால் மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியரின் விடுவிப்புச் சான்று கைக்கு வரும் வரை போராட வேண்டியிருக்கிறது.

எல்லை தாண்டினால் சாதி தொடரும், சான்றிதழ் தொடராது

மாணவத் தோழர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் வரையறுக்கப்படுகிறது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையே அதன் அடிப்படை. ஆந்திரப் பழங்குடிக் குடும்பத்து மாணவர் ஒருவர், தந்தையின் வேலை காரணமாகப் பம்பாயில் வளர்ந்தவர், மகாராஷ்டிரத்தில் மருத்துவ இடம் கேட்டார். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று அறியப்படும் அதில், சொந்த மாநிலத் தகுதியை இன்னொரு மாநிலத்தில் கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2018இல் பீர் சிங் வழக்கும் அதை உறுதி செய்தது. புதுக்கோட்டையிலிருந்து திருப்பூருக்குப் போனால் உங்கள் சாதிச் சான்றிதழ் செல்லும். பாலக்காட்டுக்கோ இடுக்கிக்கோ குடிபோனால் அந்த மாநில இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது.

இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாக உழைக்கும் தமிழ் தலித் குடும்பங்கள் 1950க்கு முன் வந்ததற்குச் சான்று காட்ட முடியாமல் இன்றும் திண்டாடுகின்றன. தேவிகுளம் தனித் தொகுதியில் வென்ற ஏ. ராஜாவின் வெற்றியை 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2025 மேயில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மத மாற்றம் பற்றிய வாதத்தோடு, தாத்தா பாட்டி எந்த வருடம் மலையேறினார்கள் என்பதும் அந்த வழக்கில் அலசப்பட்டது. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால் கல்லூரி விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தோட்டங்களில் ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆயுள் முழுக்க உழைத்த மண்ணில் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் புதைந்தார்கள். பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்திலிருந்து போன தலித் குடும்பங்கள். அதே மலையில்தான் 2015 செப்டம்பரில் பெண்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்று திரண்டு, கம்பெனியையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒருசேரக் கேள்வி கேட்டார்கள். போன இடத்திலும் போராடித்தான் ஆக வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எங்கள் நிலை

போவது உங்கள் உரிமை. இருப்பதும் உங்கள் உரிமை. துரத்தப்படுவது மட்டும் குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(z) பிரிவு, பட்டியல் சாதியினரை வீட்டை, கிராமத்தை விட்டு வெளியேறக் கட்டாயப்படுத்துவதைத் தண்டனைக்குரியது என்கிறது. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை 3(1)(zc) பிரிவு குற்றமாக்குகிறது. டீக்கடையில் தண்ணீர் கொடுக்காமல், வயலில் வேலை கொடுக்காமல் ஒரு குடும்பத்தைக் கிளப்பிவிட்டு, அவர்களாகவே பிழைப்பு தேடிப் போனார்கள் என்று ஊர் சொல்லும். அதை நாம் அப்படியே எழுதிக்கொண்டு வரக் கூடாது. பஸ் ஏறும் முன் புகார் ஏற வேண்டும்.

பிழைப்புக்காகவே போகிறவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகள்:

வீட்டுமனைப் பட்டா யார் பெயரில் இருக்கிறது? ஒப்படைப்புப் பட்டாவாக இருந்தால், அதில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா? பூட்டிக் கிடக்கும் மனையில் யார் கல் ஊன்றுவார்கள்?

பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டதா? பள்ளி மாற்றுச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? அங்கே எந்தப் பள்ளி, எவ்வளவு தூரம்?

வாக்காளர் பட்டியலில் பெயர் எங்கே இருக்கப் போகிறது? தனி ஊராட்சியில் நம் ஓட்டுகள் கரைந்தால், தலைவர் நாற்காலியில் நம் ஆள் உட்கார்ந்திருப்பார், முடிவை வேறு யாரோ எடுப்பார்கள்.

கம்பெனியா, தோப்பா, சூளையா? சம்பளத்துக்குச் சீட்டு உண்டா? அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டதா? அந்த ஊரில் நம்மை அறிந்தவர் ஒருவராவது உண்டா?

இவற்றுக்குப் பதில் இருக்கிற குடும்பத்தை நாங்கள் தடுக்க மாட்டோம், வழியனுப்பி வைப்போம். பதில் இல்லாத குடும்பத்தோடு உட்கார்ந்து தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதுவோம். அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுதான்: இங்கே இருப்பவர்களுக்கு நிலம், போகிறவர்களுக்கு அங்கே வாடகைக்கு அரசுக் குடியிருப்பு, மாநில எல்லை தாண்டிய தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வியில் ஒரு பாதுகாப்பு. 1942இல் நாக்பூரில் குடியிருப்பும் நிலமும் கேட்டார்கள். அந்த மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை. இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணுங்கள். ஒவ்வொரு வீடும் எந்த வருடம் பூட்டப்பட்டது, அவர்கள் எங்கே போனார்கள், பட்டா இருக்கிறதா, கடைசியாக எந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். போனவர்களாகப் போனார்களா, அனுப்பப்பட்டார்களா என்பது அந்த நோட்டிலிருந்துதான் நமக்குத் தெரியவரும்.