புதர் களையும் தொண்டு

ஆரணியை அடுத்த திருமலைக்குச் செல்வோர், குந்தவை பெயரால் விளங்கும் ஜினாலயத்தையும், பாறையிற் செதுக்கிய 16 அடி உயர நேமிநாதர் திருவுருவத்தையும், ராஜேந்திர சோழனது கங்கைப் படையெடுப்பைக் கூறும் கல்வெட்டையும் கண்டு மகிழ்வர். ஆயிரமாண்டுக்கு முன் வெட்டிய எழுத்தைக் காத்துவரும் நாம், நம் குன்றுகளின் மீது வளர்ந்த காட்டைக் காத்தோமா? இன்று தமிழ்நாட்டிற் கரடுகளின் சரிவை உண்ணிச்செடியும், ஏரிகளின் உட்பரப்பைச் சீமைக்கருவேலும் பற்றிக்கொண்டிருப்பதைக் காணாதார் இலர்.

இப்புதர்களைக் களைய, ஞாயிற்றுக்கிழமைகளில் கடப்பாரையும் வெட்டரிவாளும் ஏந்திப் புறப்படும் வாலிபர் கூட்டங்கள் பல ஊர்களில் தோன்றியிருக்கின்றன. கூலி கேளாது, பிறர் ஏவாது செய்யும் அத்தொண்டை மனமார வாழ்த்துகிறோம். ஆனால் வாழ்த்தோடு நின்றுவிடுதல் பத்திரிகா தர்மமன்று. ஒரு நாள் வெட்டு, ஒரு புகைப்படம், மறு மழையில் பழைய புதர் என்ற நிலை தொடருமாயின், அத்தனை உழைப்பும் விழலுக்கு இறைத்த நீரேயாகும்.

அந்நியச் செடி என்று பழித்துவிடுவது எளிது. உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்தினின்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையர் தோட்டங்களுக்கு அழகு செய்ய வந்தது. சீமைக்கருவேலை 1877ஆம் ஆண்டையொட்டிச் சென்னை ராஜதானிக்குக் கொணர்ந்தவரும் அவர்களே. ஆனால் சுதந்திரத்திற்குப் பின்னரும் விறகுப் பஞ்சம் தீர்க்கவென்று அதைப் பரப்பியவர் நம்மவரல்லரோ? நாம் நாள்தோறும் உண்ணும் மிளகாயும் கடல் கடந்து வந்ததுதான். பிறந்த தேசம் எதுவென்பதன்று கேள்வி. வந்த இடத்தில் பிறவற்றை வாழவிடுகிறதா என்பதே கேள்வி.

இச்செடிகளின் தந்திரத்தை அறியாதவன் அவற்றை வெல்ல முடியாது. உண்ணிப்பழத்தைப் பறவைகள் தின்று விதையைத் தூவுகின்றன. சீமைக்கருவேலின் இனிய காயை ஆடுமாடுகள் தின்று சாணத்தின் வழியே பரப்புகின்றன. மேலே வெட்டினால் இரண்டும் அடிக்கட்டையிலிருந்து முன்னிலும் அடர்ந்து தழைக்கும். தண்டும் வேரும் கூடுமிடத்திற்குக் கீழே, மண்ணுக்குள் வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் உண்ணிச்செடி மீண்டும் துளிர்ப்பதில்லையென்று தில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடன் உழைத்தோரும் காட்டியுள்ளனர். அதன் பின்னரும், பறவைகள் வந்தமரும் மரங்களின் அடியில் முளைக்கும் நாற்றுக்களை வருஷந்தோறும் பிடுங்க வேண்டும். வெறுமையான நிலத்தில் நம் நாட்டுப் புல்லும் மரமும் வளர்க்க வேண்டும்.

சட்டம் இதைச் செய்து முடிக்குமென்று காத்திருப்பதும் பேதைமை. ஸ்ரீ வைகோ முதலியோர் தொடுத்த வழக்கில், சீமைக்கருவேலை அகற்றுமாறு ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை 2017ஆம் ஆண்டிற் கடுமையாக உத்தரவிட்டது. அதே ஆண்டில் அவ்வேலை கோர்ட்டாராலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார், களைச்செடிகளை நீக்குதலோடு காட்டை மீட்டு வளர்த்தலையும் சேர்த்து ஒரு கொள்கை வெளியிட்டனர். நன்று. எனினும் உத்தரவு மரத்தை வீழ்த்தலாம். அடுத்த மழையின் முளையைப் பிடுங்க அவ்வூராரின் கையே வேண்டும்.

மற்றொன்றும் மறக்கலாகாது. அடுப்பெரிக்கச் சுள்ளி பொறுக்கும் ஏழைத் தாய்மாருக்கும், ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிற் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கும் சீமைக்கருவேலே ஜீவனம். அவர்களைக் கேளாது புதரை அழிக்கும் தேசத்தொண்டு தேசத்தொண்டாகாது. வெட்டிய விறகில் முதல் உரிமை அவர்களுடையதாகுக. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் உண்ணிச்செடியின் கழிகளால் உயிரளவு யானை உருவங்கள் செய்தனர். 2021ஆம் ஆண்டில் லண்டன் நகரப் பூங்காக்களில் அவை காட்சிக்கு நின்றன. களையும் கூலியாகலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே ஆரணி, திருமலை வாலிபர்களுக்கு நாம் கூறுவது இது. மலையனைத்தையும் ஒரே நாளில் வெல்ல முயலாதீர்கள். ஒரு சரிவை, ஒரு ஏரிக்கரையைத் தேர்ந்தெடுங்கள். காட்டு நிலமாயின் வன இலாகாவினரின் அனுமதி பெறுங்கள். வேரோடு களையுங்கள், உசிலையும் வெப்பாலையும் புங்கும் வேம்பும் வையுங்கள், மூன்று மழைக்காலம் அவ்விடத்தை விட்டு நீங்காதிருங்கள். ஆரணியின் பட்டுத் தறியைப் பாருங்கள். பாவில் ஓரிழை அறுந்தால், அதை முடிந்த பின்னரே நெசவாளி அடுத்த ஊடையைப் போடுகிறான். பொறுமையின்றிப் பட்டு இல்லை. காடும் அவ்வாறே. தொடங்குவோர் பலர், நிலைத்து நிற்பவரே தொண்டர்.