மகஜரில் ஹாஷ் எண் எங்கே?

சிட்லபாக்கத்தில் ஒரு தொழிலாளி வீட்டில் நாளை போலீஸ் சோதனை என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரை எடுத்துச் செல்கிறார்கள். மகஜரில் என்ன எழுதுவார்கள்? “கறுப்புநிறக் கம்ப்யூட்டர் ஒன்று.” உள்ளே என்ன இருந்தது என்பதற்கு அத்தாட்சி? வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கி, பின்னால் இஷ்டம்போல் தொகையை நிரப்பிய பண்ணையார்களை நாம் மறந்துவிடவில்லை!

கம்ப்யூட்டரிலுள்ள எந்த ஃபைலையும் கணக்கிட்டு அதற்கென ஓர் எண் பெறலாம். இதுதான் ஹாஷ், ஃபைலின் கைரேகை. ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் அடியோடு மாறிவிடும். அமெரிக்க சர்க்காரின் நிஸ்ட் என்ற நிறுவனம், தெரிந்த மென்பொருள்களின் ஃபைல்களுக்கு இப்படி எண் கண்டு பெரும் பட்டியலே வெளியிடுகிறது. பட்டியலோடு பொருந்துபவை கம்பெனிச் சரக்கு. பதரைத் தூற்றுவதுபோல் தள்ளிவிட்டு, மிச்சத்தை ஆராயலாம். மென்பொருளின் பெயரைச் சூடிக்கொண்டு எண் மட்டும் வேறாக இருந்தால்? வேறு பதிப்பாக இருக்கலாம். வேஷம் போட்ட திருடனாகவும் இருக்கலாம். விசாரிக்க வேண்டும்.

அந்நியர் கை உள்ளே நுழைந்தால் என்ன நேரும் என்பதற்குப் பாதிரியார் ஸ்டான் சுவாமியின் வழக்கைப் பாருங்கள். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே உழைத்தவர். 2019 ஜூன் 12-ல் அவரது கம்ப்யூட்டர் கைப்பற்றப்பட்டது. பீமா கோரேகாவ் வழக்கில் 2020 அக்டோபரில் கைது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5-ல், 84 வயதில் மாண்டார். எதிரித்தரப்பு வக்கீல்களுக்காக ஆராய்ந்த ஆர்சனல் என்ற அமெரிக்க நிறுவனம், அவருக்குத் தெரியாமல் தஸ்தாவேஜுகள் புகுத்தப்பட்டன என்றும், கைப்பற்றியதற்கு முந்தைய நாள் தடயங்களை அழிக்க முயற்சி நடந்தது என்றும் 2022 டிசம்பரில் அறிவித்தது. இது நிபுணர் அறிக்கை. கோர்ட் தீர்ப்பு அல்ல.

பறிமுதலுக்கு முன்பே புகுத்தியதை ஹாஷ் எண் மட்டும் காட்டிக்கொடுக்காது என்பதும் உண்மை. பிறகு புகுத்த நினைக்கும் கையை அது கட்டிப்போடும்.

2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம், 63-வது பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் எண்ணைக் கேட்கிறது. நல்லதுதான். ஆனால் அது கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது தரும் சான்றிதழ். அதற்குள் எத்தனை மாதம் ஓடியிருக்கும்! மேலும் எம்டி-5, ஷா-1 முறைகளுக்கும் படிவத்தில் இடமிருக்கிறது. முன்னது 2004-லும் பின்னது 2017-லும் முறியடிக்கப்பட்டவை: இருவேறு ஃபைல்களுக்கு ஒரே எண் வரவழைத்துக் காட்டிவிட்டார்கள்.

பறிமுதல் செய்யும் இடத்திலேயே, சாட்சிகள் முன்னால், ஷா-256 எண் எடுத்து மகஜரில் எழுது. நகல் கொடு என்கிறோம். கைபேசியில் இது கஷ்டம் என்றால் சீல் வைத்துவிட்டு, உடைமைக்காரர் முன்னிலையிலேயே திறக்கட்டும். சங்கத் தோழர்கள் மகஜரைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். எண் இல்லையா? “எண் தரப்படவில்லை” என்று எழுதிவிட்டு, அதன்கீழ் கையெழுத்துப் போடுங்கள்.