சொல்லும் பொருளும்: ‘லாம்’ என்பதன் எல்லை

பிழைப்பு நாடிப் புனேக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில், வீட்டுக்குள் தமிழும், கடைத்தெருவில் மராத்தியும், காகிதத்தில் ஆங்கிலமும் வழங்குகின்றன. வாடகை ஒப்பந்தம், வேலை நியமனக் கடிதம், மருத்துவச் சோதனை அறிக்கை, பள்ளிச் சுற்றறிக்கை யாவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. அவற்றிலுள்ள நீண்ட சொற்களுக்கு அகராதியைப் புரட்டுகிறோம். ‘மே’, ‘மைட்’, ‘கேன்’, ‘குட்’ என்னும் சிறு துணைவினைகளையோ, தெரிந்தவைதாமே என்று கடந்து விடுகிறோம். ஆனால் ஒரு காரியம் நடக்குமா, நடவாதா, நடக்க வேண்டியதா என்று சொல்லும் பொறுப்பு இச்சிறு சொற்களிடமே உள்ளது. ஆகவே இத்திங்கள் அவற்றை எடுத்துக்கொண்டோம்.

‘மே’ என்பதற்கு நாம் கூறும் பொருள் ‘லாம்’ என்பதாகும். அது பிழையன்று. ‘அவர் வரலாம்’ என்ற தொடரை நோக்குவோம். வாயிலில் நிற்பவரை உள்ளே விடச் சொல்லும்போதும் அவ்வாறு கூறுகிறோம். ஒருவேளை அவர் வருவார், உறுதியில்லை என்னும்போதும் அவ்வாறே கூறுகிறோம். முன்னது இசைவு, பின்னது வாய்ப்பு. ஆங்கில ‘மே’யும் இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்பது. ஐயத்துக்கு இடமின்றி வாய்ப்பை மட்டும் குறிக்கத் தமிழில் ‘வரக்கூடும்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ஏறத்தாழ அவ்வேலையைச் செய்வது ‘மைட்’. ‘மே’யைவிடச் சற்று மெலிந்த வாய்ப்பைக் காட்டுவது அது என்று இலக்கண நூலார் கூறுவர், பேச்சு வழக்கில் அவ்வேறுபாடு இன்று பெரிதும் மங்கிவிட்டது.

‘கேன்’ என்பது ஆற்றலைக் குறிப்பது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். வாய்ப்பைக் குறிக்கவும் அது வரும். ஆயின் அது வேறு வகை வாய்ப்பு. புனேயில் ஏப்ரல் மாத வெயில் 40 டிகிரியைத் தொடுவதுண்டு என்று பொதுவியல்பைச் சொல்வதாயின் ‘கேன்’ வரும். நாளைய வெயில் 40 டிகிரியைத் தொடலாம் என்று குறிப்பிட்ட ஒரு நாளைப் பற்றி ஊகிப்பதாயின் ‘மே’ அல்லது ‘மைட்’ வரும். மராத்தியில் ‘பாவூஸ் படூ ஷக்தோ’ என்னுமிடத்தில் ‘ஷக்தோ’ என்ற ஒரு சொல்லே ஆற்றலையும் ஊகத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. இங்கே வளரும் நம் பிள்ளைகள் ‘இன்று மழை வரலாம்’ என்பதற்குக் ‘கேன்’ போட்டு எழுதினால் அதற்குக் காரணம் இதுவே. கடிந்து கொள்ளாமல் வேறுபாட்டை எடுத்துரைத்தால் போதும்.

‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவமான ‘குட்’டும் இன்றைய வாய்ப்பைக் குறிக்கப் பயன்படுகிறது. ஆனால் நடந்து முடிந்த செய்திகளில்தான் விழிப்பு வேண்டும். ‘அவர் ரயிலைப் பிடித்திருக்கலாம்’ என்று தமிழில் சொன்னால் இரு பொருள் தோன்றும். பிடித்தாரோ இல்லையோ நமக்குத் தெரியாது என்பது ஒன்று. பிடிக்க வழியிருந்தும் பிடிக்கவில்லை என்பது மற்றொன்று. முதற்பொருளுக்கு ஆங்கிலத்தில் ‘மே ஹேவ்’. இரண்டாவதற்குப் பெரும்பாலும் ‘குட் ஹேவ்’. ஒன்றில் நம்பிக்கை இன்னும் உயிரோடிருக்கிறது. மற்றதில் மிஞ்சுவது வருத்தமே.

எதிர்மறைக்கு வந்தால் வழி மேலும் இடறும். ‘மே நாட்’ என்பது விதிகள் எழுதிய பலகையில் ‘கூடாது’ என்று தடை விதிக்கும். மருத்துவ அறிக்கையில் ‘இல்லாமலும் இருக்கலாம்’ என்று ஐயம் மட்டும் தெரிவிக்கும். ‘கேனாட்’ என்றாலோ ‘இருக்க முடியாது’ என்ற உறுதியான மறுப்பாகும். இதைக் கண்டு ஆங்கிலத்தைப் பழிப்பதற்கில்லை. நம் ‘கூடும்’ என்ற சொல்லும் அத்தகையதே. ‘வரக்கூடும்’ என்பது வாய்ப்பு. ‘வரக்கூடாது’ என்பதோ தடை. இடம் அறிந்து பொருள் கொள்வது எம்மொழிக்கும் பொது.

இடம் அறிந்தும் தீராத ஐயம் உண்டு. ‘மே’ என்ற இவ்வொரு சொல்லை முன்னிட்டு நம் நாட்டில் எழுந்த வழக்கை இளைய தலைமுறையினர் அறிந்திருத்தல் வேண்டும். 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு, இந்தியை ஆட்சிமொழியாக்கி, 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் தொடர்ந்து வழங்க வேண்டும் என விதித்தது. அங்கே இட்ட சொல் ‘ஷல்’, அது கட்டளை. அக்கெடு 1965 ஜனவரி 26இல் முடியவிருந்தது. அதன் பின்னர் ஆங்கிலத்தின் நிலை யாது என்பதற்காக 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 3ஆம் பிரிவில், ஆங்கிலம் இந்தியுடன் தொடர்வதற்கு இட்ட சொல் ‘மே’. தொடரலாம் என்றால் தொடராமலும் விடலாம் அன்றோ என்று தமிழகத்தில் ஐயம் எழுந்தது. இவ்விடத்தில் ‘மே’ என்பது ‘ஷல்’ என்றே பொருள்படும் எனப் பிரதமர் நேரு பாராளுமன்றத்தில் உறுதி கூறினார். அவ்வாறாயின் ‘ஷல்’ என்றே எழுதிவிடத் தடை என்ன என்று தி.மு.க.வினர் கேட்டனர். அப்போது மாநிலங்களவை உறுப்பினராயிருந்த அறிஞர் அண்ணா, அச்சட்டத்தை எதிர்த்து அங்கே வாதாடினார். சொல் மாறவில்லை.

1964 மே 27இல் நேரு மறைந்தார். உறுதி கூறிய வாய் இல்லை. எழுதிய சொல் இருந்தது. 1965இன் தொடக்கத்தில் தமிழகம் கொந்தளித்தது. மாணவர் வீதிக்கு வந்தனர். தீக்குளித்து மாண்டவர் உண்டு. துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர் உண்டு. அதன் பின்னரே, 1967 டிசம்பரில் நிறைவேறி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் பிறந்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலமே என்று ‘ஷல்’ போட்டு எழுதப்பட்டது. அம்மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானித்து, பின்னர்ப் பாராளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானித்தாலன்றி இந்நிலை மாறாது என்ற காப்பும் சேர்ந்தது. பழைய ‘மே’ அப்பிரிவின் முதல் வரியில் இன்றும் இருக்கிறது. அதைச் சுற்றி வேலி கட்டியிருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் கூறுதல் முறை. சட்டத்தில் ‘மே’ என்பது சில இடங்களில் கடமையையும் உடன் கொண்டிருக்கும் என்பதை நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டுள்ளன. 1880ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் இதை விளக்கியது. ‘மே’ அதிகாரம் தரும் சொல்லே; அதைச் செலுத்தியே தீர வேண்டிய கடமை உண்டா என்பது மற்றச் சூழ்நிலைகளால் அறியப்படுவது என்பதே அதன் சாரம். ஆகவே நேருவின் விளக்கம் ஆதாரமற்றதன்று. ஆயினும் அந்த விளக்கத்தைப் பெற நீதிமன்றப் படி ஏற வேண்டும். எளியவர்க்கு அது ஆகிற காரியமா?

இனி நம் வீட்டுக் காகிதங்களுக்கு வருவோம். பாணேரிலோ ஔந்திலோ வாடகைக்கு வீடு எடுக்கும் அன்பர்கள், முன்பணத்தைத் திருப்பித் தருவது பற்றிய வரியில் ‘மே’ இருக்கிறதா, ‘ஷல்’ இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னரே பார்க்க வேண்டும். நியமனக் கடிதத்தில் ஊதியம் உயர்த்தப்படலாம் என்றிருந்தால், அது முதலாளியின் விருப்பம். அதை நம்பித் தவணைக் கடன் வாங்குவது தகாது. மருத்துவ அறிக்கையில் ‘மே’ கண்டு இரவெல்லாம் கலங்குவதும் தகாது. மேலும் ஆராய வேண்டும் என்பதே அதன் பொருளாக இருத்தல் கூடும். மருத்துவரைக் கேட்டுத் தெளிதலே முறை.

‘லாம்’ வரும் இடமெல்லாம் ஒரு கேள்வியை எழுப்புவோம்: இது யாருடைய விருப்பத்தில் நிற்கிறது? நம் விருப்பத்தில் நின்றால் அது உரிமை. பிறர் விருப்பத்தில் நின்றால் அது வெறும் நம்பிக்கை. இயற்கையின் கையில் நின்றால் அது வாய்ப்பு. பிறர் வாயால் ‘அப்படித்தான் பொருள்’ என்று உறுதி கூறுவாராயின், அதையே எழுதித் தரும்படி பணிவோடு கேட்போம். கேட்பது குற்றமாகாது.