வேலி அடைக்கத் தெரிந்தவர் யார்?

ஓலை வேலியோடு வாழ்ந்தோர் அதன் இயல்பை அறிவர். கட்டிய அன்று அது உறுதியாய் நிற்கும். ஒரு மாரி கழிந்தால் ஓலை உக்கும். அயலார் அவசரத்துக்கு வந்து போகவென விட்ட பொட்டு, நாளடைவில் ஆடு மாடு புகும் வழியாகிவிடும். ஆதலினாலேயே நம் முன்னோர் ஆண்டுதோறும் வேலி அடைத்தனர். கணினிகளைக் காக்கும் ‘தீச்சுவர்’ என்பதும் பெயரளவிலேதான் சுவர். இயல்பில் அது வேலியே. இதனை நாம் நூலிற் கற்றோமல்லோம், பட்டுத் தெளிந்தோம்.

தீச்சுவரின் தொழில் எளியது. அது நம் கணினிகளுக்கும் இணையத்துக்கும் இடையில் நின்று, உள்ளிருந்து நாம் கேட்டதற்கு வரும் விடையை உள்ளே விடும். கேளாது வருவதை மறிக்கும். வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டுமாயின், அவருக்கென ஒரு விதி எழுதி நாமே வாயில் திறத்தல் வேண்டும். அவ்விதிகளே இவ்வேலியின் பொட்டுகள்.

எம் கல்லூரிக் கணினிக் கூடத்தில் 20 கணினிகள் உள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர் ஒருவர் அவற்றுக்குத் தீச்சுவர் அமைத்துத் தந்தார். அவர் வல்லவர், அமைப்பும் வலியதே. ஆயின் அதன் விதிகள் யாவும் எண்களும் குறியீடுகளுமாய் இருந்தமையால், அவரையன்றி எவரும் படித்தறிய இயலவில்லை. பின்னர் அவர் வெளிநாடு சென்றார். தொலைவிலிருந்தே பழுது பார்க்கும்பொருட்டுத் தம் இணைய முகவரிக்கு மட்டும் ஒரு வாயில் வைத்திருந்தார். அங்கு அம்முகவரி மாறியதும் அவராலேயே உள்ளே வர முடியவில்லை. தொலைபேசியில் அவர் சொல்லச் சொல்ல, அவ்விதியில் ‘யாவரும்’ என்று மாற்றியவர் நாமே. “இன்றைக்கு மட்டும், சேர். பிறகு மறக்காமல் மூடிவிடுங்கோ” என்றார். நாம் மறந்தோம்.

மூன்று மாதங் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் கோப்புகள் யாவும் பூட்டப்பட்டுக் கிடந்தன. திரையிலே கப்பம் கேட்டு ஓர் அறிவித்தல். கப்பம் கொடுப்பதில்லை என்று கல்லூரி முடிவு செய்தது. வினாத்தாள்கள் போயின, அவற்றை மீண்டும் எழுதலாம். மாணவரின் செயற்றிட்ட வேலைகளும் போயின. “சேர், வேறெங்கேயும் ஒரு பிரதி இருக்குமோ?” என்று ஒரு மாணவி கேட்டபோது எம்மிடம் விடை இல்லை.

அன்று தொட்டுத் தீச்சுவர் பற்றி எவர் வினவினும், ‘எது மிக வலியது?’ என்பதை விடுத்து, ‘எதனை நீங்கள் வாசித்து விளங்குவீர்கள்?’ என்றே நாம் கேட்கின்றோம்.

வீட்டிற்குப் பெரும்பாலும் றவுட்டரில் உள்ள காவலும் கணினியிலேயே உள்ள காவலும் போதியன. ஆயினும் றவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுதல் வேண்டும். 2016 இல் உலகெங்கும் பரவிய ‘மிராய்’ என்னும் தீநிரல், கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் றவுட்டர்களையுமே தேடிப் பிடித்தது.

பாடசாலைக்கோ சிறு கடைக்கோ தனித் தீச்சுவர் வேண்டுமாயின், விலையின்றிக் கிடைப்பனவும் உள. ‘ஐபிஃபயர்’ அவற்றுள் ஒன்று. இரண்டு வலையிணைப்பு வாயில்கள் உள்ள பழைய கணினியிலும் அதனை நிறுவலாம். அது வலையமைப்பை நிறங்களாற் பிரித்துக் காட்டும்: வெளி இணையம் சிவப்பு, உள்ளகக் கணினிகள் பச்சை, வைஃபை நீலம். நீலத்தையும் பிரிக்க மூன்றாவது வாயில் வேண்டும். நீலத்திலிருந்து பச்சைக்குள் நாம் திறந்தாலன்றி நுழைய இயலாது. விருந்தினரை விறாந்தையில் இருத்தி உபசரிக்கும் வீட்டு முறைமைதான் இது. நாம் தெரிந்தது இதனையே. ‘ஓபிஎன்சென்ஸ்’ என்பது வசதிகள் மிகுந்தது. கற்கச் சற்றுக் காலம் வேண்டும்.

எதனைத் தெரியினும், அதனைச் செப்பனிடுவோர் இன்றும் உளரா என்று பார்த்தல் வேண்டும். 2003 இல் தோன்றிப் பலராலும் விரும்பப்பட்ட ‘மோனோவால்’, 2015 இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. நல்ல வேலியாயினும் அடைப்பாரற்றால் உக்கிப்போகும்.

எம் கூடத்தில் இப்போது சில ஒழுங்குகள் உள. ஒவ்வொரு விதிக்கும் அருகில், அது யாருக்காக, எதற்காக, எந்நாள்வரை என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ குறிப்பெழுதப்படும். தொலைவிலிருந்து வருவோர்க்குத் திறந்த வாயில் இல்லை. விபிஎன் என்னும் மறைவழி மட்டுமே. அமைப்பை இயக்க இருவர் அறிவர். கடவுச்சொல் உறையிலிடப்பட்டு அதிபரிடம் உள்ளது. கோப்புகளின் பிரதி, கணினியினின்று கழற்றப்பட்டு அலுமாரியிற் பூட்டப்படுகின்றது. மின்னஞ்சலில் வந்த நஞ்சை நாமே திறந்துவிட்டால் எந்தத் தீச்சுவரும் தடுக்கமாட்டாதன்றோ?

தவணையின் முதல் நாள் எமக்கு வேலியடைப்பு நாள். ஒரு மாணவர் விதிகளை ஒவ்வொன்றாய் உரத்து வாசித்து, “இது யாருக்கு?” என்று கேட்பார். விடை சொல்ல ஒருவரும் இல்லாத பொட்டு அன்றே அடைக்கப்படும்.